டிக்கி ஸ்க்ரூவில் தொலைந்த ஒன்றரை வோல்ட்

2024 ஆகஸ்டில் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு டீசல் ஹேட்ச்பேக் வந்தது. 2017 மாடல். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவரின் வண்டி. விடிகாலையில் துறைமுகம், ஏலம் முடிந்ததும் டிக்கியில் ஐஸ் பெட்டி, அப்புறம் வாடிக்கையாளர் வீடுகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பத்தோடு வெளியே போவார். அந்த ஒரு நாள் பாட்டுக் கேட்கத்தான் ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர், ஆண்ட்ராய்டு செட் எல்லாம்.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணா போதும், ஸ்பீக்கர்ல விசில் அடிக்குது. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க விசிலும் மேல ஏறுது. ரெண்டு செட்டு மாத்தியாச்சு. முதல் செட்டு செத்தே போச்சு."

"வேற ஏதாவது இருக்கா அண்ணே?"

அவர் யோசிக்கும் முன்பே பக்கத்தில் நின்ற மகன் சொன்னான். ரிவர்ஸ் கேமராவில் கோடு கோடாக வருகிறது, பாட்டின் கனத்த பாஸ் அடி விழும்போது படம் குதிக்கிறது. ஃபாக் லாம்ப் போட்டால் இடது ஹெட்லைட் மஞ்சளாகிறது, அப்போது ஹார்ன் அடித்தால் இன்னும் மங்குகிறது.

அவர்கள் பார்வையில் இவை மூன்று தனித்தனி கோளாறுகள். விசிலுக்குச் செட்டு மாற்றினார்கள், கோட்டுக்குக் கேமரா மாற்றினார்கள், ஹெட்லைட்டுக்குப் பல்பு மாற்றினார்கள். ஒன்றுக்கும் பலன் இல்லை. என் காதில் விழுந்தது வேறு. ஒரு சாமான் வேலை செய்யும்போது சம்பந்தமே இல்லாத இன்னொரு சாமான் தடுமாறுகிறது என்றால், இரண்டும் எங்கேயோ ஒரே வழியைப் பங்கு போடுகின்றன. வெளியிலிருந்து வாங்கி மாட்டிய சாமான்களில் அந்தப் பொது வழி பெரும்பாலும் எர்த்தாகத்தான் இருக்கும், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி.

பீப் சத்தத்தை நம்பக் கூடாது

இந்த வேலையை இதற்கு முன் இரண்டு இடங்களில் பார்த்திருந்தார்கள். ஓர் இடத்தில் ஆம்பின் மைனஸிலும் பாடியிலும் மீட்டரை வைத்து, பீப் அடித்ததும் "எர்த் சூப்பரா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் அதே சோதனையைச் செய்து பார்த்தேன். பீப் அடித்தது. ஓம் அளவில் 0.4 காட்டியது.

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே என் மீட்டர் 0.3 காட்டும். அது முனை ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ். மிச்சம் 0.1. அந்த அளவில் மீட்டரின் கடைசி இலக்கத்தையே நம்ப முடியாது. பீப் இன்னும் மோசம். பல மீட்டர்களில் சில பத்து ஓம் இருந்தால்கூட அது அடிக்கும். மேலும் மீட்டர் அந்த இணைப்பு வழியாக அனுப்புவது மில்லிஆம்பியரில்தான். ஆம்ப்ளிஃபையர் அனுப்புவது 20 ஆம்பியருக்கும் மேல். பத்து இழை அறுந்து ஓர் இழை மட்டும் மிச்சமிருக்கும் ஒயரிலும் பீப் அடிக்கும். அந்த ஓர் இழையில் 20 ஆம்பியரை விட்டால் என்ன ஆகும் என்று மீட்டருக்குத் தெரியாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பீப்பை நம்பவே மாட்டார். ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து வைத்திருந்தார். பாசிட்டிவை ஒரு பக்கம் கொடுத்து, சந்தேகப்படும் எர்த்தை மறுபக்கம் தொடுவார். பல்பு முழுசாக எரிந்தால்தான் அது எர்த். நாலு ஆம்பியரையாவது சுமந்து காட்டாத எர்த்தை அவர் எர்த் என்றே சொல்ல மாட்டார். மீட்டர் இல்லாத காலத்து வழிதான். ஆனாலும் பீப்பைவிட அது உண்மையைச் சொல்லும்.

லோடு கொடுத்து அளந்தபோது

சரியான வழி வோல்டேஜ் டிராப் பார்ப்பது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆம்பின் மைனஸ் முனைக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மைனஸ்தான் என்றால் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதிக ஆம்பியர் இழுக்கும் சாமானில் 0.2 வோல்ட் வரை நான் விடுவேன். அதற்கு மேல் போனால் தேட ஆரம்பிப்பேன்.

மீட்டர் முனை டிக்கிவரை எட்டாது. அதற்கென்றே ஐந்து மீட்டர் மெல்லிய ஒயரில் முதலை கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். அதில் கரண்ட் ஓடப்போவதில்லை, அதனால் மெல்லியதாக இருந்தால் போதும். பாட்டுப் போட்டால் அளவு குதித்துக்கொண்டே இருக்கும். அதனால் மகனின் போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சத்தம் ஒன்றை ஓடவிட்டோம். என்ஜின் ஓடுகிறது, பேட்டரியில் 14.1 வோல்ட். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்ப் இழுப்பது 22 ஆம்பியர்.

ஆம்பின் முனைகளில் இருந்தது 12.1 வோல்ட். இரண்டு வோல்ட் வழியில் காணாமல் போயிருக்கிறது. பாசிட்டிவ் பக்கம் ஃபியூஸ், ஒயர் எல்லாம் சேர்த்து 0.4. அது நீளமான ஒயர், ஏற்றுக்கொள்ளலாம். மைனஸ் பக்கம் 1.6.

அந்த 1.6-ஐத் துண்டு போட்டு அளந்தேன். ஆம்பிலிருந்து ஸ்க்ரூ வரையிலான அறுபது சென்டிமீட்டர் ஒயரில் 0.2. டிக்கி பாடியிலிருந்து பேட்டரி மைனஸ் வரை, அதாவது வண்டியின் முழு நீளத் தகட்டுக்கும், 0.1. மிச்சம் 1.3 வோல்ட் முழுக்க ஒரே ஒரு இடத்தில்: ஒயர் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில், ஒரு ஸ்க்ரூவின் அடியில். 1.3-ஐ 22-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 29 வாட். எங்கள் மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிக வாட்டைச் சூடாக்கும் ஒன்று டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

மகனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான்.

பாசிட்டிவ் ஒயருக்கு நல்ல தடிமன், பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ், கதவோரம் உறை எல்லாம் அக்கறையாகப் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு ஆம்பியரும் இந்தப் பக்கம் திரும்பி வந்தாக வேண்டும். போகும் வழிக்கு 8 கேஜ் ஒயர், திரும்பும் வழிக்கு வீட்டு ஒயரிங்கில் மிஞ்சியது போன்ற மெல்லிசு ஒயர். சீவிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு பூசிய அலுமினியம்.

கழற்றிய ஸ்க்ரூ

ஸ்டெப்னி டயர் உட்காரும் குழியின் ஓரத்தில், தகட்டைத் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் சாதாரண ஸ்க்ரூ ஒன்றைப் போட்டிருந்தார்கள். பெயின்டைச் சுரண்டவில்லை. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே லக்கின், அதாவது ஒயர் முனையில் மாட்டிய உலோக வளையத்தின், அடிப்பாகம் வெறும் அலங்காரம். மொத்த கரண்டும் ஸ்க்ரூ மரையின் விளிம்பு வழியாகத்தான் போயிருக்கிறது. தகடோ ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. மரையின் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்றுதான் அதைப் பிடித்திருக்கும்.

அதன் மேல்தான் மூன்று வருட ஐஸ் தண்ணீர் வடிந்திருக்கிறது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர் உப்பானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவில் நின்ற தண்ணீரும் அந்தக் குழிக்குள் இறங்கியதாகச் சொன்னார். வண்டி நிற்கும் இடமோ கடற்கரைக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம். இரும்பு, செம்பு, அலுமினியம் மூன்றும் ஒட்டி நின்று, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. உலோகம் தன்னைத்தானே தின்றுகொள்ளும்.

ஸ்க்ரூவைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தேன். தலையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, மரை முழுக்கப் பழுப்புத் துரு, ஒயர் இழைகளின் நுனியில் வெள்ளைப் பொடி. நகத்தால் தட்டியதும் மரை உதிர்ந்து ஊசி மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா நான் ரெண்டு செட்டு வாங்கினேன்?"

இன்னொன்றையும் அவருக்குக் காட்டினேன். ஸ்க்ரூவைக் கழற்றியபோது ஆம்பின் மைனஸ் ஒயர் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நியாயமாக ஆம்ப் அணைந்திருக்க வேண்டும். அதன் நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டுச் சிக்னலைக் கொண்டு வரும் ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கினேன். அப்போதுதான் அணைந்தது.

முதல் செட்டு ஏன் செத்தது என்பதற்கான விடை இதுதான். இந்த மாதிரி மலிவு ஆம்பில் ஆர்சிஏ ஒயரின் வெளி உறையும் பவர் மைனஸும் உள்ளே நேரடியாக ஒன்று. நல்ல ஆம்பில் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். எர்த் ஸ்க்ரூ வழி அடைபட அடைபட, கரண்ட் ஆர்சிஏ உறை வழியாக முன்னால் போய், செட்டுக்குள் நுழைந்து, செட்டின் எர்த் வழியாகத் திரும்பியிருக்கிறது. பாட்டுச் சிக்னலுக்காகச் செட்டுக்குள் போட்டிருக்கும் தலைமுடி போன்ற தடம் அந்த ஆம்பியரைத் தாங்காது. அது எரிந்திருக்கும். ஆர்சிஏ முனையின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகிக் கோணலாகியிருந்தது.

விசிலும் அதே பாதையில் வந்ததுதான். ஆல்டர்னேட்டர் உருவாக்குவது மூன்று ஃபேஸ் மாறு மின்சாரம். டயோடுகள் அதை டிசி ஆக்கினாலும் மேலே ஒரு சின்ன அலை மிச்சமிருக்கும். என்ஜின் வேகம் ஏறினால் அந்த அலையும் வேகமாகும், அதனால்தான் விசில் ஆக்சிலரேட்டரோடு ஏறியது. எர்த் நன்றாக இருந்தால் செட்டும் ஆம்பும் ஒரே மைனஸில் நிற்கும், அந்த அலை காதுக்கு வராது. இங்கே ஆம்பின் மைனஸ் செட்டின் மைனஸைவிட ஒன்றரை வோல்ட் மேலே மிதந்துகொண்டிருந்தது. அந்த வித்தியாசத்தைப் பாட்டோடு சேர்த்து ஆம்ப் பெருக்கிக் கொடுத்தது. இதற்கு ஃபில்டர் வாங்கி மாட்டுவது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

கேமராவின் எர்த்தும் அதே ஸ்க்ரூவில்தான் இருந்தது. பாஸ் விழும்போதெல்லாம் அதன் மைனஸும் சேர்ந்து குதித்தது, படமும் குதித்தது. கேமராவைத் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

முன்பக்கம்

இது வேறு கதை, ஆனால் அதே ஜாதி. ஃபாக் லாம்ப் இரண்டு, ஜோடி ஹார்ன், இரண்டுக்கும் ரிலே போட்டு முறையாகத்தான் பாசிட்டிவ் எடுத்திருந்தார்கள். எர்த்துக்கு மட்டும், பக்கத்தில் கறுப்பு ஒயர் தெரிந்தது என்று இடது ஹெட்லைட் கப்ளரின் (பல்பில் செருகும் பிளக்) எர்த் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டார்கள். ஒரு ஹெட்லைட் பல்புக்கு, அதாவது நாலு ஆம்பியர் சொச்சத்துக்கு, கம்பெனி போட்ட ஒயர் அது. ஃபாக் லாம்ப் 110 வாட், எட்டு ஒன்பது ஆம்பியர் கூடுதல். ஹார்ன் அதற்கும் மேல்.

ஹெட்லைட் மட்டும் எரியும்போது கப்ளர் எர்த்தில் 0.3 வோல்ட். ஃபாக் போட்டதும் 0.9. ஹார்ன் அழுத்தியதும் 1.5. ஹாலஜன் பல்பில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் விடியும் முன் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவர் இவர். நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஃபாக் போட்டவருக்கு அதனாலேயே ஹெட்லைட் குறைந்திருக்கிறது. விசிலைவிட எனக்கு இதுதான் கவலையாக இருந்தது.

செய்த வேலை

டிக்கியில் பழைய இடத்தை விட்டுவிட்டோம். தண்ணீர் தேங்கும் குழியில் எர்த் வைப்பதே தப்பு. இடது பக்கச் சுவரில், சக்கர வளைவுக்கு மேலே, பின்புறமும் கண்ணால் பார்க்க முடிகிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் ஒயர் கட்டு இல்லை, பிரேக் குழாய் இல்லை என்று கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் டிரில் எடுத்தேன். பின் சீட்டுக்கு அடியில் பல வண்டிகளில் டீசல் டேங்க் இருக்கும், அங்கே கண்ணை மூடிக்கொண்டு துளை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீட் பெல்ட் போல்ட்டிலும் எர்த் எடுக்கக் கூடாது. அந்த போல்ட் உயிரைப் பிடித்திருக்கிறது, அதன் இறுக்கத்தில் நாம் வாஷரும் லக்கும் திணிக்கக் கூடாது. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்கள் பக்கமும் போக வேண்டாம்.

எட்டு மில்லிமீட்டர் போல்ட், பின்னால் நட். லக்கைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தகடு பளபளக்கும் வரை தேய்த்தோம். லக் ஈயம் பூசிய செம்பு. ஒயர் பாசிட்டிவுக்குப் போட்ட அதே 8 கேஜ், அசல் செம்பு, அரை மீட்டர். முனையை லக்கில் நசுக்கி இறுக்கி (கிரிம்ப் பண்ணி), உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் உறை போட்டேன். லக்குக்கும் தகட்டுக்கும் நடுவே பல் உள்ள வாஷர். இறுக்கிய பிறகு, இறுக்கியதற்கு முன்னால் அல்ல, முழு இடத்துக்கும் துத்தநாக பிரைமர், அதன்மேல் பெயின்ட், கடைசியாக கிரீஸ். பின்பக்க நட்டுக்கும் அதே பூச்சு. உப்புக்காற்று அடிக்கும் நம் பகுதியில் இந்தக் கடைசிப் படியை விட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.

கேமராவின் எர்த்தை அங்கிருந்து பிரித்து, ரிவர்ஸ் லைட்டின் கம்பெனி எர்த்தில் கொடுத்தேன். அது இழுப்பது மிகக் கொஞ்சம், அந்த ஒயருக்குச் சுமை இல்லை. இளகிய ஆர்சிஏ ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வலது பக்கமாக இழுத்தோம், பவர் ஒயர் இடது பக்கம் போகிறது.

முன்னால் ஃபாக், ஹார்ன் இரண்டின் எர்த்தையும் ஹெட்லைட்டிலிருந்து விடுவித்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பம்பருக்குப் பின்னால் தனி போல்ட். சீவிய ஹெட்லைட் ஒயரை வெட்டிச் சரியாக இணைத்து, அதன் கம்பெனி எர்த் போல்ட்டையும் கழற்றித் தேய்த்து மாட்டினேன். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் தடித்த ஒயர்களை ஸ்டார்ட் அடிக்கும்போது அளந்தேன். நன்றாக இருந்தன, தொடவில்லை.

மகன் ஒரு கேள்வி கேட்டான். "இவ்ளோ கஷ்டத்துக்கு எல்லா மைனஸையும் நேரா பேட்டரி மேலயே போட்டுடலாமே அண்ணா?" இந்த வண்டியில் போட்டிருக்கலாம். ஆனால் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் புது வண்டிகள் பலவற்றில் மைனஸ் முனையின் மேலேயே கரண்டை எண்ணும் சென்சார் இருக்கும். சாமானின் மைனஸை நேராகப் பேட்டரி முனையில் போட்டால் அந்தக் கரண்ட் சென்சாரைத் தாண்டாமல் போய்விடும், பேட்டரியின் இருப்பை வண்டி தப்பாகக் கணக்கிடும். அவற்றில் பாடி பக்கத்தில்தான் எர்த் கொடுக்க வேண்டும்.

மறுபடி அதே 50 ஹெர்ட்ஸ், அதே 22 ஆம்பியர். ஆம்பின் மைனஸ் 1.6-லிருந்து 0.15-க்கு இறங்கியது. ஹெட்லைட் எர்த் 0.08, ஃபாக் போட்டாலும் அதே 0.08. ஃபாக் எர்த் 0.09. செட்டை ஆன் செய்து, பாட்டுப் போடாமல், சத்தத்தை முக்கால்வாசி வைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். என்ஜின் சத்தம் மட்டும்தான். அண்ணன் காதை ஸ்பீக்கர் மேலேயே வைத்துக் கேட்டார். சாமான் செலவு ஆர்சிஏ ஒயரும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்.

தை மாதம்

மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பொங்கல் முடிந்து வந்தார், மீன் பெட்டி டிக்கியில்தான் இருந்தது. ஆம்ப் எர்த் 0.16. பெயின்டில் ஒரு கீறல் இல்லை, கிரீஸ் மேல் தூசிதான்.

முன்னால் ஃபாக் எர்த் 0.09-லிருந்து 0.24 ஆகியிருந்தது. பம்பரைக் கழற்றிப் பார்த்தால், சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேராக அந்த போல்ட் மேல் விழும் இடம். லக்கின் ஓரத்தில் பச்சை ஆரம்பித்துவிட்டது. நான் இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது, மழையில் ஓடும்போது தண்ணீர் எங்கே அடிக்கும் என்று யோசிக்கவில்லை. அதைப் பேட்டரி தட்டுக்குப் பக்கத்தில், மேலே, மாற்றிப் போட்டேன். அளந்தபோது 0.08. அதற்குக் காசு வாங்கவில்லை. அடுத்த தையிலும் வரச் சொல்லியிருக்கிறேன்.